எல்லாவற்றையும் கேட்கும் கருவி எதையும் சரிவரக் கேட்பதில்லை

பொலிஸார், தீயணைப்புப் படையினர், அம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரின் வானொலி உரையாடல்களைச் செவிமடுக்க ஸ்கானரே தகுந்த கருவி என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகக் கொள்ளப்படுகிறது. கடைக்காரர் அவ்வாறு கூறுகிறார். விளம்பரம் அவ்வாறு கூறுகிறது. பத்திரிகைகளின் ஆசிரியபீடங்களும் அதையே நம்பிப் பணத்தைக் கொடுத்து வாங்கி மேசையில் வைத்துக்கொள்கின்றன. இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். தீயணைப்பாளரும் பொலிஸாரும் தாமே பல்லாண்டு பயன்படுத்திக் கழித்துவிட்ட பழைய இருவழி வானொலி ஒன்று, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள புத்தம்புது ஸ்கானரைக் காட்டிலும் தெளிவாகக் கேட்கும் என்பதே எனது வாதம். இதைச் சாதனம் சேர்ப்போரின் பொழுதுபோக்குச் சர்ச்சையாக வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தவறாகக் கேட்பவன் தவறாக எழுதுவான். தவறாக எழுதப்பட்ட ஒரு பெயர் ஒரு குடும்பத்தைச் சீரழிக்கும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஸ்கானர் என்பது பெறுவதற்கு மட்டுமேயான வானொலி. ஏறத்தாழ 25 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1300 மெகாஹேர்ட்ஸ் வரையான பரப்பை அது தனக்குரியதென உரிமை கோருகிறது. நொடிக்கு எண்பது, நூறு அலைவரிசைகளைத் தட்டிப் பார்த்து, எங்கு பேச்சு எழுகிறதோ அங்கு நிற்கிறது. இருவழி வானொலி என்பது நம் ஊரில் வோக்கி டோக்கி என்று அழைக்கப்படும் கருவியின் தொழில்முறை வடிவம். கையில் பிடிப்பதும் உண்டு, வாகனத்தில் பொருத்துவதும் உண்டு. அது ஒரு பட்டைக்கு மட்டுமே உரியது. 136 முதல் 174 வரை ஒன்று, 403 முதல் 470 வரை இன்னொன்று, 450 முதல் 512 வரை வேறொன்று, 800 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்குத் தனியாக ஒன்று என்று பிரித்தே தயாரிக்கிறார்கள். ஒன்றைக் கேட்கும் கருவி மற்றொன்றைக் கேளாது. கடைக்காரர் இதனைக் குறையென்பார். அதுதான் அதன் பலம் என்று நான் கூறுகிறேன்.

பொலிஸ் வானொலிக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. டெற்றொயிற் நகரப் பொலிஸார் 1928 இல் தமது கார்களுக்கு ஒருவழி ஒலிபரப்பை ஆரம்பித்தனர். நியூ ஜேர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் 1933 இல் கார்களிலிருந்தும் பதில் பேசும் இருவழி முறை வந்தது. ‘வீஜீ’ என்ற பெயரில் புகழ்பெற்ற நியூ யோர்க் புகைப்படக்காரர் ஆதர் பெலிக், 1938 இல் தமது காரில் பொலிஸ் அலைவரிசை வானொலி வைத்திருப்பதற்கு அனுமதி பெற்றார். பொலிஸார் வரும்போதே அவரும் வந்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள். அன்று முதல் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணியாளரின் மேசைமீது ஒரு வானொலி முணுமுணுத்துக்கொண்டே இருந்து வந்திருக்கிறது.

நமக்கும் இது அந்நியமான பழக்கமன்று. எமது பத்திரிகை அலுவலகங்களிலும் சிற்றலை வானொலியின் முன் அமர்ந்து வெளிநாட்டுச் செய்தியறிக்கைகளைக் கேட்டு எழுதுவதற்கென்றே ஒருவர் இருந்த காலம் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். அந்தக் காதுகளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நல்ல வானொலி என்பது நிறைய நிலையங்களைப் பிடிக்கும் வானொலி அன்று. வேண்டிய நிலையத்தை மட்டும் பிடித்து, அருகில் இரைந்துகொண்டிருக்கும் மற்றையதை வெளியே நிறுத்தி வைக்கும் வானொலியே நல்ல வானொலி. தொலைவிலுள்ளதைக் கேட்கும் திறன் வேறு, வேண்டாததைத் தள்ளும் திறன் வேறு. இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவதால் பயனில்லை.

பேச்சொலியில் பொருளைச் சுமப்பவை பெரும்பாலும் மெய்யெழுத்துக்கள். அவை சக்தி குறைந்தவை. உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பவை. இரைச்சல் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரான் என்று ஓர் ஊர் உண்டு, கிரான்குளம் என்று வேறோர் ஊரும் உண்டு. இரைச்சலில் கடைசி அசை மறைந்தால் சம்பவம் ஊர்விட்டு ஊர் போய்விடும். ஆங்கிலத்தில் ‘பிப்டீன்’ என்பதும் ‘பிப்டி’ என்பதும் அவ்வாறே. அதனாலேயே அமெரிக்க வானொலி ஒருங்கிணைப்பாளர் வீட்டிலக்கத்தைச் சொன்ன பின் ‘ஒன்று, ஐந்து’ என இலக்கம் இலக்கமாக மறுபடி சொல்வதுண்டு. தொழிலில் இருப்பவர்கள் தெளிவின் அருமையை அறிந்திருக்கிறார்கள். கேட்பவர்களாகிய நாம்தான் அறியவில்லை.

அறியாமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு பொஸ்ரன் நகரச் சம்பவம் சான்று. 2013 ஏப்ரலில் மரதன் ஓட்டப் போட்டியில் குண்டுகள் வெடித்தன. 19 ஆம் திகதி அதிகாலை பொலிஸார் சந்தேகநபர்களைத் துரத்திக்கொண்டிருந்தபோது, உலகெங்கும் ஏராளமானோர் இணையத்தின் வழியே பொலிஸ் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அந்த இரவில் அதிகாரி ஒருவர் ஒரு குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். முதலெழுத்து எம் என்பதை உறுதிப்படுத்த, வழக்கப்படி ‘மைக்’ என்ற சொல்லைச் சேர்த்தார். கேட்டவர்கள் ‘மைக்’ என்பதை அந்த மனிதரின் முதற்பெயராக்கினார்கள். அத்துடன் நில்லாமல், காணாமற்போயிருந்த ஓர் அப்பாவி மாணவரின் பெயரும் வானொலியில் சொல்லப்பட்டதாக எழுதினார்கள். தொழில்முறைச் செய்தியாளர்களும் அதைப் பரப்பினார்கள். பின்னர் பதிவுகளை ஆராய்ந்தபோது அந்த மாணவரின் பெயர் அவற்றில் காணப்படவில்லை. அவரது குடும்பம் அடைந்த வேதனையை எந்தத் திருத்தமும் துடைக்கவில்லை.

நல்ல கருவி இருந்திருந்தால் மட்டும் இந்த அநியாயம் நேர்ந்திராது என்று நான் கூறவில்லை. உறுதிப்படுத்தாமல் எழுதுவதற்குக் கருவி மருந்தாகாது. ஆனால் துண்டு துண்டாக, கரகரப்புடன், யாரோ ஒருவர் தெரிந்தனுப்பும் ஒலியைக் கேட்கும் பழக்கமே ஊகத்துக்கு இடம் கொடுக்கிறது. காது நிரப்பாத இடத்தை மனம் நிரப்புகிறது. மனம் நிரப்புவது செய்தியாகாது.

இனி ஸ்கானர் ஏன் பின்தங்குகிறது என்பதைப் பார்ப்போம். காரணங்கள் நான்கு.

முதலாவது, அதன் அகன்ற வாய். ஆயிரத்துக்கு மேற்பட்ட மெகாஹேர்ட்ஸ் பரப்பை உள்ளே அனுமதிக்கும் கருவிக்குள், வேண்டிய நலிந்த குரலோடு பண்பலை வானொலி நிலையம், தொலைக்காட்சிக் கோபுரம், கைத்தொலைபேசிக் கோபுரம் என அயலிலுள்ள வல்லோசைகள் அனைத்தும் நுழைகின்றன. அவை உட்சுற்றில் ஒன்றோடொன்று கலந்து, உண்மையில் இல்லாத போலி அலைகளைப் பிறப்பிக்கின்றன. இருக்கும் அலையை அமுக்கியும் விடுகின்றன. தொழில்முறை இருவழி வானொலியின் முகப்பில் அதன் பட்டைக்கெனவே அமைந்த வடிகட்டிகள் காவலிருக்கின்றன. பொலிஸ் காரின் கூரையிலே, பிற ஒலிபரப்பிகளின் நடுவே நாளெல்லாம் வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்டது அது.

இரண்டாவது, அயல் அலைவரிசையை ஒதுக்கும் திறன். அமெரிக்காவின் 150–174, 421–470 மெகாஹேர்ட்ஸ் பகுதிகளில் தொழில்முறைப் பாவனையாளர்கள் 2013 ஜனவரி 1 முதல் 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5 கிலோஹேர்ட்ஸுக்குச் சுருங்க வேண்டியதாயிற்று. சுருங்கிய ஒலிபரப்பை, அகன்ற அலைக்கென அமைந்த பழைய ஸ்கானரில் கேட்டால் ஒலி பாதியாகக் குறைகிறது. ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுகிறது. குறுகிய அலைக்கென அமைந்த வடிகட்டி உள்ள இருவழி வானொலிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஒலி. பொலிஸ் காரின் சைரனுக்கும் என்ஜினுக்கும் மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, வாகன வானொலிகள் வலுவான ஒலிப்பகுதியுடன் தயாரிக்கப்படுகின்றன. மோட்டரோலாவின் சிடிஎம் 1250 போன்றவை வெளி ஒலிபெருக்கிக்கு 7.5 அல்லது 13 வாற் தரக்கூடியவை. 300 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையான மனிதக் குரலின் பகுதியைத் துலக்கமாக்கி, அதற்குக் கீழே உறுமும் தொனிக் குறியீட்டை அவை நீக்கிவிடுகின்றன. பேச்சு முடிந்தவுடன் எழும் ‘கிர்ர்’ என்ற இரைச்சல் வாலையும் வெட்டிவிடுகின்றன. கையளவு ஸ்கானரின் நாணயமளவு ஒலிபெருக்கியில் இவற்றை எதிர்பார்க்க முடியாது.

நான்காவதே இன்று மிக முக்கியமானது. அமெரிக்காவின் பொதுப் பாதுகாப்பு வானொலிகளில் பெரும்பகுதி ‘பி25’ எனப்படும் இலக்கமுறைக்கு மாறிவிட்டது. ஒரு மாவட்டம் முழுவதையும் எட்டுவதற்காகப் பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில், ஒரே கணத்தில், ஒரே பேச்சை அனுப்புகின்றன. இதற்கு ‘சைமல்காஸ்ட்’ என்று பெயர். இரண்டு கோபுரங்களின் அலைகள் கேட்பவரிடம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஒரு கோபுரம் மற்றையதைவிடப் பதினைந்து கிலோமீற்றர் தொலைவில் இருந்தால் அதன் அலை 50 மைக்ரோ வினாடி பிந்துகிறது. பி25 முதலாம் கட்டத்தில் நொடிக்கு 4800 குறியீடுகள் செல்கின்றன; ஒரு குறியீட்டின் ஆயுள் ஏறத்தாழ 208 மைக்ரோ வினாடி. ஆக, ஒரு குறியீட்டின் காற்பங்கு காலம் இரண்டு கோபுரங்களின் குரல்கள் ஒன்றன்மேலொன்று விழுகின்றன. சாதாரணப் பண்பலை முறையில் அலையைப் பிரித்தெடுக்கும் ஸ்கானர்கள் இதிலே தடுமாறுகின்றன. சொற்கள் உடைகின்றன, போத்தலுக்குள்ளிருந்து ஒருவர் பேசுவது போலாகிறது, சில வேளை முழு மௌனம். அந்த வலையமைப்புக்காகவே செய்யப்பட்ட இருவழி வானொலி அதே இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. கோபுரத்துக்கு மிக அருகில் குடியிருந்தும் கேட்கவில்லையே என்று வியப்போருக்கு விடை இதுதான். அவர்களுக்குக் கிடைக்கும் அலை பலவீனமானதன்று. பல அலைகள் மோதுகின்றன.

மகளைப் பார்க்க நியூ ஜேர்சிக்குச் சென்றிருந்த வேளையில், உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்றை நடத்தும் தமிழ் இளைஞர் ஒருவரின் மேசையில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். அவரிடம் விலையுயர்ந்த ஸ்கானர் இருந்தது. நூறு டொலருக்கும் குறைவாகக் கிடைத்த ஒரு பழைய சிடிஎம் 1250 ஐயும் அருகில் வைத்தோம். கூரையில் இருந்த ஒரே அன்ரெனாவை இரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்தோம். தீயணைப்புப் பிரிவின் வழமையான அலைவரிசை ஒன்றை இரண்டிலும் வைத்து, கேட்கும் முகவரிகளைத் தனித்தனியே குறித்துக்கொண்டோம். ஸ்கானரைக் கேட்டவர் ‘என்ன, என்ன’ என்று என்னைத் திரும்பிப் பார்த்த தடவைகள் பல. வானொலியைக் கேட்ட எனக்கு ஒரு தடவையும் அந்தத் தேவை எழவில்லை. என்னுடைய காதுக்கு எழுபது வயது கடந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

“ஐயா, அப்படியெண்டால் இவ்வளவு காசு குடுத்து வாங்கினது வீணோ?” என்று கேட்டார்.

“வீணில்லைத் தம்பி. எங்கே என்ன நடக்குதெண்டு தேடுறதுக்கு அதை வைச்சிரும். என்ன சொல்லுறாங்கள் எண்டு கேக்கிறதுக்கு இதை வைச்சுக்கொள்ளும்” என்றேன்.

எனது நிலைப்பாட்டின் சாரம் இதுவே. தேடுவதற்கு ஸ்கானர், கேட்பதற்கு இருவழி வானொலி. தேடும் வேலையையே கேட்கும் வேலை என்று விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன்.

யூனிடன் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட எஸ்டிஎஸ் 100 சைமல்காஸ்ட் சிக்கலைத் தீர்த்துவிட்டதே என்பர். பெருமளவு தீர்த்தது உண்மை. அந்தப் பெருமையை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு எழுநூறு டொலர் அளவில் கொடுக்க வேண்டும். அகன்ற வாய் அதற்கும் உண்டு. வடிகட்டித் தெரிவுகளை இடத்துக்கிடம் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதியை அதன் மென்பொருளில் பின்னர் சேர்க்க நேர்ந்ததே அதற்குச் சாட்சி. ஒரேயொரு தீயணைப்பு அலைவரிசையைக் கேட்க விரும்பும் ஒருவருக்கு அந்தச் செலவு எதற்கு?

கைத்தொலைபேசிச் செயலி இருக்கிறதே, இலவசமாகக் கேட்கலாமே என்பர். செயலி வழியாக நீங்கள் கேட்பது வானொலியை அன்று. வேறொருவர் வீட்டு ஸ்கானரைக் கேட்கிறீர்கள். அவர் தெரிவு செய்த அலைவரிசைகள், அவருடைய அன்ரெனா, அவருடைய சைமல்காஸ்ட் குழப்பம், அதன்மேல் நொடிக்கு 16 கிலோபிற் அளவுக்கு நசுக்கப்பட்ட ஒலி, அதற்கும் மேலே தாமதம். எந்த அலைவரிசையில் எந்தப் பிரிவு பேசியது என்பதுகூடப் பல வேளைகளில் தெரிவதில்லை. ஒரு செய்தியாளர் இதை ஆதாரமாகக் கொள்வது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லக் கேட்டதை நேரிற் கண்டதாக எழுதுவதற்கு ஒப்பானது.

இருபத்தைந்து முப்பது டொலருக்குப் புதிய சீனக் கைவானொலி வாங்கலாமே என்பர். இருவழி வானொலி என்ற பெயர் இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பௌபெங் யுவி-5ஆர் போன்றவை ஒரு சில்லுக்குள் முழு வானொலியையும் அடக்கியவை. முகப்பு வடிகட்டல் மெலிந்தவை. வல்லோசை உள்ள நகரத்தின் நடுவே கூரை அன்ரெனாவுடன் இணைத்தால் அவை திணறிச் செவிடாகும். நான் பரிந்துரைப்பது தொழில்முறைத் தரத்தில் செய்யப்பட்டுப் பழையதான கருவியை. மலிவாகச் செய்யப்பட்ட புதியதை அன்று.

இறுதியாக, எல்லாம் மறைகுறியாக்கப்படுகிறதே, எந்தக் கருவியால் என்ன பயன் என்பர். வலுவான கேள்வி. டென்வர் பொலிஸார் 2019 இல் தமது வானொலியை மறைத்துக்கொண்டனர். சிக்காகோ 2022 இல் தொடங்கி, முப்பது நிமிடத் தாமதத்துடன் மட்டும் மக்களுக்குக் கேட்கத் தந்தது. நியூ யோர்க் 2023 இல் புரூக்ளினிலிருந்து ஆரம்பித்தது. மறைக்கப்பட்ட குரலின் முன் ஸ்கானரும் செவிடு, பழைய வானொலியும் செவிடு. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் சேவையின் அன்றாடப் பேச்சை மக்களிடமிருந்து முற்றாக மறைப்பதை நான் ஏற்கவில்லை. எனினும், பொஸ்ரனில் நடந்ததைப் போலப் பொறுப்பற்றுக் கேட்டுப் பரப்பியவர்களே மறைப்பவர்களின் கையில் நியாயத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று பொலிஸாரின் நிலைகளை வெளியிட வேண்டாம் என்று பொஸ்ரன் பொலிஸாரே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. இன்னும் பல இடங்களில் தீயணைப்பு, அம்புலன்ஸ், மாநகரப் பணிகள் ஆகியன திறந்தே இருக்கின்றன. ரயில்வே 160–161 மெகாஹேர்ட்ஸில் பேசுகிறது. கடலோடிகளின் அபாய அழைப்பு 156.8 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. எஞ்சியுள்ளதை ஒழுங்காகக் கேட்டுப் பொறுப்பாகப் பயன்படுத்துவதே அதைத் தக்கவைக்கும் வழி.

வாங்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள்.

முதலில் அலைவரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். கருவியைப் பின்னர் தேடுங்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே உறையில் ஐந்து பட்டைகளுக்கான கருவிகள் வரும். 403–470 கருவியை வாங்கிவிட்டு, 482 இல் பேசும் தீயணைப்புப் பிரிவைக் கேட்க முடியாது. மாதிரி இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழமையான ஒப்புமை அலைவரிசைக்கு வாகன வகையில் சிடிஎம் 1250, கைவகையில் எச்ரி 1250 போதும். முன்னையது 64, பின்னையது 128 அலைவரிசைகளைக் கொள்ளும். 1990களின் மாக்ஸ்ட்ராக், ஜிஎம் 300 மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் அலைவரிசையை ஏற்றப் பழைய டொஸ் மென்பொருளும், அதற்கு ஈடான பழைய கணினியும், இடையில் ஓர் இணைப்புப் பெட்டியும் வேண்டும். பொறுமையற்றவர்கள் தொடாமலிருப்பது நல்லது. இலக்கமுறை பி25 வழமை அலைவரிசைக்கு எக்ஸ்ரிஎஸ் 2500, எக்ஸ்ரிஎஸ் 5000 உள்ளன. அவை முதலாம் கட்டத்துக்கு மட்டுமே. இரண்டாம் கட்ட வலையமைப்பை அவை கேளா.

விற்பவரிடம் உடன்படுவதற்கு முன் ஏதாவது நிறுவனத்தின் சொத்து முத்திரை, சுரண்டப்பட்ட தொடரிலக்கம் உண்டா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் சந்தையில் உலவுகிறது. அலைவரிசையை ஏற்றும் மென்பொருளும் கேபிளும் யாரிடம் உள்ளன என்று முதலிலேயே கேளுங்கள். அது இல்லாவிட்டால் வானொலி ஒரு செங்கல். பழைய பற்றரியை நம்பாதீர்கள். புதியதன் விலையையும் கணக்கில் சேருங்கள். பட்டைக்குரிய அன்ரெனா இல்லாமல் கருவியைக் குறை கூறாதீர்கள். இயலுமாயின் வானொலி திருத்துநர் ஒருவரிடம் கொடுத்து அலைவரிசை விலகியுள்ளதா எனச் சோதியுங்கள். வயதான கருவிகள் சற்று வழுகுவதுண்டு.

இந்தக் கருவிக்கு எல்லைகளும் உண்டு. அது மெதுவாகவே தேடும். விமானப் போக்குவரத்தின் குரலை அது கேளாது; விமானங்கள் வீச்சுப் பண்பேற்றத்தில் பேசுகின்றன. பல அலைவரிசைகளைப் பங்கிடும் ‘ட்ரங்கிங்’ வலையமைப்பில் அதைச் சேர்க்க முயலவே கூடாது. முறையாக ஏற்றப்பட்ட வானொலி அங்கே தன்னைத் தானே பதிவு செய்துகொள்ளும். அது அனுமதியின்றி வலையமைப்புக்குள் நுழைவதாகும். அத்தகைய இடத்தில் மட்டும் ஸ்கானரே முறை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: அது பேசவும் வல்ல கருவி. அலைவரிசைகளை ஏற்றும்போது அனுப்பும் பகுதியை வெறுமையாக விட்டுப் பெறுதலுக்கு மட்டும் அமையுங்கள். ஒலிவாங்கியைக் கழற்றி அலமாரியில் பூட்டுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை இரண்டு தடவை செய்யுங்கள். தீயணைப்பு அலைவரிசையில் தவறுதலாக அழுத்தப்படும் ஒரு பொத்தான், எரியும் வீட்டினுள் நிற்கும் ஒருவரின் உதவிக் குரலை அடைத்துவிடக்கூடும். அது பாரதூரமான குற்றமும் ஆகும்.

நான் கூறியவை ஐக்கிய அமெரிக்காவுக்கே பொருந்தும். அங்குகூடச் சில மாநிலங்கள் காரில் இத்தகைய கருவி வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. கனடாவில் வானொலித் தொடர்புச் சட்டம், இடைமறித்துக் கேட்டதைப் பயன்படுத்துவதையும் வெளியிடுவதையும் தடை செய்கிறது. பிரித்தானியாவில் 2006 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்கீழ் பொதுமக்களுக்கென ஒலிபரப்பப்படாததைக் கேட்பதே குற்றமாகலாம்; அங்கு அவசர சேவைகளின் வானொலி மறைகுறியாக்கப்பட்டும் உள்ளது. இலங்கையில் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் இத்தகைய கருவிக்கு உரிமம் வேண்டும். இந்தியாவிலும் உரிமம் இன்றி வைத்திருக்கலாகாது. ஊருக்குப் போகும்போது பயணப் பெட்டிக்குள் இட்டுச் செல்லும் பொருள் இதுவன்று. ஒரு வோக்கி டோக்கி எமது மண்ணில் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதை எமது தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை.

கருவி எதுவாயினும் ஒரு விதி மாறாது. வானொலியில் கேட்டது செய்தியன்று. அது ஒரு தடயம். கேட்டவர் அந்த இடத்துக்குப் போக வேண்டும். போக இயலாவிடின் தொலைபேசியில் பொறுப்பானவரைக் கேட்க வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே எழுத வேண்டும். அந்தத் தடயம் தொடக்கத்திலேயே சிதைந்து வருமாயின் அடுத்து வரும் ஒவ்வொரு அடியும் கோணலாகும். பதினைந்தாம் இலக்க வீட்டில் தீ என்றிருக்க, ஐம்பதாம் இலக்க வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

ஆதலால் எனது இளைய சகாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் அலைவரிசைகளை அரைகுறையாகக் கேட்பதைவிட, உங்கள் ஊரின் ஓர் அலைவரிசையை ஆண்டு முழுவதும் முழுமையாகக் கேளுங்கள். அங்கே பேசுவோரின் குரல்கள் பழகும். அவர்களது குறியீடுகள் புரியும். வழக்கத்துக்கு மாறான ஒரு தயக்கத்தைக்கூட உங்கள் காது கண்டுகொள்ளும். அதற்குத் தேவையானது எவரோ கழித்துவிட்ட ஒரு பழைய பெட்டியும், அதை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் பொறுமையும் மாத்திரமே. முதலாவதைச் சில பத்து டொலர்களுக்கு வாங்கலாம். இரண்டாவதை எந்தக் கடையும் விற்பதில்லை.